ஆப்தரின் சொல்லும் அரசின் மாத்திரையும்

தன் கண்ணால் காணாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு ஏற்பது அறிவு ஆகுமா, அல்லது அறிவின் பெயரில் நடக்கும் நம்பிக்கை மட்டும்தானா என்ற கேள்வி இந்தியத் தத்துவ மரபுகளில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஏட்டறிஞர்களோடு அடங்கிக் கிடந்த அந்த வாதம் கொரோனா பெருந்தொற்றின்போது எளிய மனிதரின் அன்றாடக் கேள்வியாயிற்று. ஏனெனில் நுண்ணுயிரியைக் காணும் கருவியோ மருந்தின் பயனை அளக்கும் பயிற்சியோ இல்லாத கோடிக்கணக்கானோர், சுகாதாரத் துறையினர் சொன்னதைக் கொண்டு கடையை அடைக்கவும், மாத்திரையை விழுங்கவும், பெற்றோரின் உடலைத் தொடாமலே அடக்கம் செய்யவும் வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை ஏற்க மறுத்தவர்களைப் படிப்பறியாதவர் என்றும் மூடநம்பிக்கையினர் என்றும் ஒதுக்கிவிடுவது எளிது. எழுத்தறிவில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் கேரளத்தின் தலைநகரில் அந்த விளக்கம் செல்லுபடியாகாது என்பதால், திருவனந்தபுரத்தை முன்வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வது பொருந்தும்.

அறிவைத் தரும் வாயில்களை வடமொழி மரபு பிரமாணங்கள் என்றும் தமிழ் மரபு அளவைகள் என்றும் வழங்குகிறது. நேரில் அறிவது காண்டல், புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல் ஊகித்து அறிவது கருதல், நம்பத்தக்கவரின் சொல்லால் அறிவது உரை என்ற இம்மூன்றில் ஏனைய அளவைகளை எல்லாம் அடக்கிவிடுகிறது அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய மணிமேகலையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறியும் காதையில், அளவைகளின் பட்டியல் நீளமானது. அதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. ஆகமம் எனப்படும் நம்பத்தக்க நூலுரை ஒன்றாகவும், ஐதிகம் எனப்படும் உலகுரை வேறொன்றாகவும் அங்கே பிரித்து எண்ணப்படுகின்றன. ஒரு மரத்தில் தெய்வம் உறைகிறது என்று ஊரார் சொல்வதை ஏற்பது ஐதிகத்துக்கு அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு: முதலில் சொன்னவர் எவர், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று எவராலும் காட்ட முடியாத சொல் அது. பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவிய மருத்துவக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த வகையினவே. ஆகவே வதந்தியை நம்பக்கூடாது என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. முதலில் சொன்னவர் இன்னார் என்று தெரிந்திருந்தும், அவர் அரசாகவே இருந்தும், அந்தச் சொல் நம்பத்தக்கதா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கௌதமரின் நியாய சூத்திரம் ஆப்தரின் உபதேசமே உரை அளவை என்று வரையறுக்கிறது. ஆப்தர் என்றால் நம்பத்தக்கவர். அந்தத் தகுதி எதனால் வருகிறது என்பதை, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்கும் முறை இன்றும் வியப்பளிப்பது. பிறப்பும் பதவியும் சமயமும் அவர் கணக்கில் வரவில்லை. ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இலக்கணம் ஒன்றே என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். அவர் கேட்பவை மூன்று: சொல்பவர் பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும், உயிர்களிடம் இரக்கம் உடையவராக இருக்க வேண்டும், அறிந்ததை உள்ளபடியே சொல்லும் விருப்பம் அவரிடம் இருக்க வேண்டும். வேதத்தின் நம்பகத்தை நிறுவ வரும் இடத்தில் நியாய சூத்திரம் மந்திரத்தையும் ஆயுர்வேதத்தையும் உவமையாகக் காட்டுகிறது. மருத்துவ நூல் சொன்னபடி செய்தால் நோய் தீர்வதைக் காண்கிறோம். ஆகவே அந்நூலைச் சொன்னவர்கள் ஆப்தர்கள். அதேபோல வேதத்தைச் சொன்னவர்களும் ஆப்தர்கள் என்பது வாதம். வேதத்தைப் பற்றிய முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். மருத்துவம் நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டதன்று, பலனால் சோதிக்கப்பட்டு அதன் பின்னரே பிறவற்றுக்குச் சான்றாக நிற்பது என்று அம்மரபு கொண்டது என்பதுதான் இங்கே முக்கியம்.

இதே இடத்தில் மீமாம்சகர் நியாய மரபினரோடு முரண்படுகின்றனர். ஓர் அறிவு தோன்றியவுடனேயே அதற்குரிய நம்பகமும் உடன் தோன்றுகிறது, பொய் என்று காட்டப்படும்வரை அதை ஏற்பதே முறை என்பது மீமாம்சகரின் கொள்கை. இதற்கு ஸ்வதப் பிராமாண்யம் என்று பெயர். அறிவின் நம்பகம் வெளியிலிருந்து, அதாவது அதன்படி செயல்பட்டுப் பலன் கிடைத்ததா என்பதிலிருந்து அறியப்படுகிறது என்பது நியாய மரபினரின் கொள்கை. இது பரதப் பிராமாண்யம். சாதாரண நாட்களில் குடிமக்கள் அனைவரும் மீமாம்சகர்களே: குழாய் நீர் குடிக்கத்தக்கது என்றும் மருந்துச்சீட்டில் எழுதியது சரியென்றும் ஏற்றுக்கொண்டே வாழ்கின்றனர். முன்பின் அறியாத ஒரு நோய் வந்து, முன்பின் சோதிக்கப்படாத மருந்துகள் முன்வைக்கப்படும்போது அந்த இயல்பான ஏற்பு போதாது; அங்கே நியாய மரபினரின் அளவுகோலே தேவை. அரசுகள் செய்த பிழை, நியாயத்தின் அளவுகோல் வேண்டிய இடத்தில் மக்களிடம் மீமாம்சகரின் ஏற்பைக் கேட்டதுதான்.

ஆர்செனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மாத்திரையின் கதை இதற்குத் தெளிவான சான்று. 2020 ஜனவரி 29 அன்று மத்திய ஆயுஷ் அமைச்சகம், கொரோனா தொற்றைத் தடுக்க அந்த மாத்திரையை மூன்று நாட்கள் வெறும் வயிற்றில் உண்ணலாம் என்றும், தொற்று நீடித்தால் ஒரு மாதம் கழித்து மீண்டும் உண்ணலாம் என்றும் அறிவித்தது. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி, வூகானிலிருந்து திரும்பிய ஒரு மருத்துவ மாணவி, கேரளத்தின் திருச்சூரில் அடையாளம் காணப்பட்டது அதற்கு அடுத்த நாள். சாமுவேல் ஹானிமன் தொடங்கிய ஹோமியோபதி மரபில், ஒரு கொள்ளைநோய்க்குப் பொதுவான மருந்தைத் தேர்ந்தெடுக்க, அந்நோயால் பாதிக்கப்பட்ட பலரை நேரில் கண்டு அவர்களின் குறிகளைத் தொகுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியின்படி பார்த்தாலும், இந்தியாவில் ஒரு நோயாளிகூட அறியப்படாத நாளில், வெளிநாட்டிலிருந்து வந்த விவரங்களைக் கொண்டு மட்டும், அறிவிப்பு வெளியாகிவிட்டது. வாத்ஸ்யாயனர் கேட்ட முதல் தகுதியான நேரடி அறிவு அம்மருத்துவ முறையின் சொந்த அளவுகோலிலேயே அங்கு குறைவுபட்டது.

வேதியியலின் அளவுகோலை வைத்தால் குறை இன்னும் பெரிது. 30 என்ற எண், மூலப்பொருளை ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில் முப்பது முறை தொடர்ந்து நீர்த்ததைக் குறிக்கிறது. ஒன்றுக்குப் பின் அறுபது சுழியங்கள் கொண்ட ஓர் எண்ணில் ஒரு பங்கு. அவகாட்ரோ எண் தெரிந்த எந்தப் பள்ளி மாணவரும், பன்னிரண்டாவது நீர்த்தலை ஒட்டியே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகவும் அருகிவிடுகிறது என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். ஆகவே ஆர்செனிக் நஞ்சு என்ற அச்சத்துக்கு, முறையாகத் தயாரிக்கப்பட்ட மாத்திரையைப் பொறுத்தவரை, இடமில்லை; பயன் என்ன என்ற கேள்விக்கு விடையும் இல்லை.

இருந்தும் கேரளத்தில் மாத்திரை பெருமளவில் விநியோகிக்கப்பட்டது. 2020 செப்டம்பரில், அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா, தடுப்பு மருந்தாக ஹோமியோ மாத்திரை உண்டவர்களிடம் தொற்று குறைவாகக் காணப்பட்டதாகக் கூறும் ஓர் ஆய்வை ஆதரித்துப் பேசியபோது, இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தது. எதிர்ப்பின் தர்க்கம் எளியது. மாத்திரையை விரும்பி வாங்கி உண்பவர் பெரும்பாலும் முகக்கவசம் அணிவதிலும் கூட்டத்தைத் தவிர்ப்பதிலும் அக்கறை கொண்டவராக இருக்கலாம். அவருக்கு நோய் வராமைக்கு மாத்திரை காரணமா, அந்த அக்கறை காரணமா என்று பிரித்தறிய வழி வேண்டும். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத ஒத்த மாத்திரையும் கொடுத்து ஒப்பிடும் சோதனை அதற்காகவே உண்டானது. அந்தச் சோதனை இல்லாமல் சொல்லப்படும் எண், எத்தனை பெரிதானாலும், காரணத்தைக் காட்டாது.

பிறகு வாதம் இடம் மாறியது. முதல் அறிவிப்பில் தொற்றைத் தடுக்கும் என்று இருந்தது, கேள்வி எழுந்தபின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று ஆயிற்று. உண்டவருக்கு நோய் வராவிட்டால் எதிர்ப்புச் சக்தி. வந்தாலும் இலேசாக வந்ததற்கு எதிர்ப்புச் சக்தி. எது நடந்தாலும் பொய்க்காத ஒரு கூற்று அது. வாதத்தில் தோற்கும் இடங்களை இருபத்திரண்டாகப் பட்டியலிடும் நியாய சூத்திரம், எதிராளி மடக்கும்போது எடுத்த கொள்கையை மாற்றிக்கொள்வதைப் பிரதிஜ்ஞாந்தரம் என்று பெயரிட்டுத் தோல்வியாகவே எண்ணுகிறது. நீதிமன்றங்களும் இந்த நழுவலை முழுதாகத் தடுக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் விதித்த கட்டுப்பாடுகளைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம், அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று, குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்யக்கூடாது என்பதை உறுதிசெய்தது. ஆனால் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி தடுப்புக்கும் தணிப்புக்கும் ஹோமியோபதியைப் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுத்தது. 2021 நவம்பர் 1 அன்று பள்ளிகள் மீண்டும் திறக்கப்படுவதற்கு முன் கேரள அரசு அதே மாத்திரையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கல்வியில் முன்னிற்கும் ஒரு மாநிலம், வேதியியல் வகுப்பில் அவகாட்ரோ எண்ணைக் கற்பித்துவிட்டு வகுப்பு வாசலில் அந்த மாத்திரையை நீட்டியது.

இதைச் சொல்லும்போது நவீன மருத்துவத்தின் பக்கம் நின்று மற்றவற்றை நகையாடுவது அறமாகாது; அந்தப் பக்கத்திலும் அறிந்ததைவிடச் சொன்னது மிகுந்த நாட்கள் உண்டு. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்சிக்ளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைத் தடுப்புக்காக உண்ணலாம் என்று பரிந்துரைத்தது. அந்த ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி சோதனை, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளிடம் அம்மருந்தால் மரணம் குறையவில்லை என்று காட்டியது. இந்திய வழிகாட்டுதல்களிலிருந்து அது முழுதாக நீங்க 2021 ஆயிற்று. அதே ரெக்கவரி சோதனைதான், விலை மலிந்த டெக்சாமெத்தசோன் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதையும் காட்டியது. சோதனை ஒரு மருந்தை வீழ்த்தியது, இன்னொன்றை உயர்த்தியது. எந்த மருந்து எந்த மரபிலிருந்து வந்தது என்று அது கேட்கவில்லை.

திருவனந்தபுரத்துக்கு நெருக்கமான செய்தி பிளாஸ்மா சிகிச்சை. குணமடைந்தவரின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த நீர்மப் பகுதியை நோயாளிக்கு ஏற்றுவது அம்முறை. 2020 ஏப்ரலில் அந்நகரின் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்துக்கு அதற்கான அனுமதி கிடைத்தபோது நாடெங்கும் எதிர்பார்ப்பு பெருகியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த எதிர்பார்ப்பைச் சோதனைக்கு உட்படுத்தியது: 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள், பிளாஸ்மா பெற்றவர்களில் 19 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 18 விழுக்காட்டினரும் நோய் முற்றியோ இறந்தோ போயினர். அதாவது பலன் இல்லை. தான் ஊக்குவித்த ஒன்றைத் தானே சோதித்துப் பலனில்லை என்று வெளியிட்டது ஆப்தருக்குரிய செயல் என்பதில் ஐயமில்லை. முடிவு 2020 அக்டோபரில் அச்சேறிய பின்னும், பிளாஸ்மா வழிகாட்டுதலிலிருந்து நீங்க 2021 மே வரை ஆனதும், இடையில் எத்தனையோ குடும்பங்கள் கொடையாளரைத் தேடி அலைந்ததும் அதே கழகத்தின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

இவை எல்லாம் அறிவுக் குறை. அறிவு சரியாக இருந்தும் சொல் ஏற்கப்படாத நிலை ஒன்று உண்டு; அதைப் பூந்துறையில் காணலாம். திருவனந்தபுரம் நகரின் தென்பகுதியில் கடலோரமாக நெருங்கிய வீடுகளைக் கொண்ட மீனவர் பகுதி அது. மக்கள் பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர். கன்னியாகுமரிக் கரையிலிருந்து மீன் வந்திறங்கும் குமரிச்சந்தையை ஒட்டித் தொற்று பரவத் தொடங்கியது. 2020 ஜூலை முதல் வாரத்தில் நகரில் மூன்றடுக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பூந்துறைக்குக் காவல்துறையின் கமாண்டோ வீரர்கள் அனுப்பப்பட்டனர். அப்பகுதியினர் பெருந்தொற்றைப் பரப்புபவர்கள் என்று செய்திகளில் பெயர் பெற்றனர். ஜூலை 10 அன்று மக்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கினர். சுகாதாரப் பணியாளர்களின் வாகனம் மறிக்கப்பட்டது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வாகனத்துக்குள் இருமினர் என்ற செய்தி மாநிலத்தையே கலக்கியது. தூண்டியவர் எதிர்க்கட்சியினர் என்று ஆளுங்கட்சி கூறியது, எதிர்க்கட்சி மறுத்தது.

அந்த இருமலை அறியாமையின் அடையாளமாகப் படித்தவர்கள் பலர். மக்களின் புகார்களைக் கேட்டால் அந்தப் படிப்பு நிற்காது. நுண்ணுயிரி இல்லை என்று அவர்கள் வாதிக்கவில்லை. அத்தியாவசியப் பொருள் வாங்கப் பக்கத்துப் பகுதிக்குப் போக விடவில்லை, கடலுக்குப் போக முடியாமல் வருமானம் நின்றது, தங்கள் ஊரை மட்டும் தனியே குறிவைத்துச் சோதிக்கிறார்கள் என்பவையே அவர்கள் சொன்னவை. சொல்பவரின் அறிவை அவர்கள் ஐயுறவில்லை. தங்கள்மீது அவருக்கு இரக்கம் உண்டா என்பதையே ஐயுற்றனர். வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டாவது தகுதி இது. நோயைப் பற்றி எத்தனை உண்மை சொன்னாலும், துப்பாக்கி ஏந்தியவரை முன்னே நிறுத்திவிட்டுச் சொன்னால் கேட்பவர் உண்மைக்கு முன் துப்பாக்கியையே படிக்கிறார். இரண்டு நாட்களுக்குள் அதே ஊரார், திரும்பி வந்த சுகாதாரப் பணியாளர்களை மலர் தூவி வரவேற்றனர். இடைப்பட்ட நாட்களில் புதிய அறிவியல் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஜூலை 17 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன், பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நிகழ்ந்துள்ளது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதுவரை வேறு எந்த மாநில அரசும் முறையாக அறிவிக்காத ஒன்றை அன்று கேரளம் சொன்னது என்பதையும் குறிக்க வேண்டும்.

ஆயினும் அதே கேரளம் மரணக் கணக்கில் அந்தத் துணிவைக் காட்டவில்லை. எந்த மரணம் கொரோனா மரணம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு நெடுநாள் தலைநகரில் இருந்த மாநிலக் குழு ஒன்றிடம் இருந்தது. பல மரணங்கள் பட்டியலில் சேரவில்லை என்று மருத்துவர்களே சுட்டிக்காட்டி வந்தனர். 2021 ஜூனில் முறை மாற்றப்பட்டுப் பொறுப்பு மாவட்டங்களுக்குப் போனது. இழப்பீடு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், அக்டோபர் முதல், விடுபட்ட ஆயிரக்கணக்கான மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. அறிந்ததை உள்ளபடி சொல்லும் விருப்பம் என்ற மூன்றாவது தகுதி அங்கே நீதிமன்றத்தின் நெருக்குதலுக்குப் பின்தான் முழுமை பெற்றது.

ஐயத்துக்கும் எல்லை உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நியாய மரபின் பேரறிஞர் உதயனர் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய நியாயகுசுமாஞ்சலியில், ஐயம் தன் செயலோடு முரண்படும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்று வாதிடுகிறார். பசிக்கு உணவு தேடுபவரும், புகை வேண்டி நெருப்பு மூட்டுபவரும், உணவுக்கும் நிறைவுக்கும், நெருப்புக்கும் புகைக்கும் தொடர்பு உண்டா என்று ஐயுறுவதாகச் சொன்னால் அவரது செயலே அவரை மறுக்கிறது. இந்த அளவுகோல் அரசை எதிர்ப்பவர்களுக்கும் பொருந்தும். 2018 வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவியபோது, தடுப்புக்காக அரசு வழங்கிய டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு எதிராகப் பிரசாரம் செய்த இயற்கை மருத்துவர் ஒருவர் கேரளத்தில் கைது செய்யப்பட்டார். அவரைப் போன்றோர் தடுப்பூசிக்கும் மாத்திரைக்கும் கேட்கும் சான்றுகளைத் தாங்கள் பரிந்துரைக்கும் பத்தியத்துக்கும் சாற்றுக்கும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் ஐயுறுவதாகச் சொல்லிக்கொண்டு ஒன்றை மட்டும் ஐயமின்றி விழுங்குபவரிடம் இருப்பது ஐயமன்று, இடம் மாறிய விசுவாசம். அவரைச் சிறைப்படுத்துவதால் அந்த விசுவாசம் குறையாது என்பது வேறு செய்தி.

சமய நம்பிக்கைதான் மக்களைச் சுகாதாரத் துறையிடமிருந்து விலக்குகிறது என்ற எண்ணமும் இந்நகரில் பொய்க்கிறது. கண்ணகியோடு தொடர்புபடுத்தி வணங்கப்படும் ஆற்றுகால் பகவதியின் பொங்காலை, நகரத் தெருக்களில் இலட்சக்கணக்கான பெண்கள் அடுப்பு மூட்டும் பெருவிழா. 2020 மார்ச் 9 அன்று, தொற்று ஏற்கனவே மாநிலத்துக்குள் வந்துவிட்ட நிலையில், காய்ச்சலும் இருமலும் உள்ளோர் வரவேண்டாம் என்ற அறிவுரையோடு அதை நடத்த அனுமதித்தது அரசு. 2021இல் கோயிலில் பண்டார அடுப்பு எனப்படும் முதன்மை அடுப்பு மட்டும் மூட்டப்பட்டு, பக்தர்கள் தத்தம் வீடுகளிலேயே பொங்கலிட்டனர். தேவியிடம் கொண்ட பக்தி எந்த ஒரு நிகழ்வாலும் பொய்யாவதில்லை, பொய்யாக வேண்டிய தேவையும் அதற்கில்லை. சுகாதாரத் துறையிடம் கொள்ளும் நம்பிக்கை அப்படியன்று. அது நிகழ்வால் உறுதிப்படவும் உடையவும் கூடியது, அப்படி இருப்பதே அதன் தகுதி. பக்தர்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளவில்லை. குழப்பியது தன் மாத்திரையைக் கேள்வி கேட்காமல் ஏற்கச் சொன்ன அமைச்சகம்.

பழைய மருத்துவ நூல்களும் கேள்வி கேட்காத ஏற்பைக் கோரவில்லை. சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில், கங்கைக் கரையிலுள்ள காம்பில்ய நகரில் ஆத்ரேயர் தம் மாணவர் அக்னிவேசருக்கு, ஊரையே அழிக்கும் நோய்களைப் பற்றி விளக்கும் பகுதி உண்டு. வெவ்வேறு உடலும் உணவும் வயதும் கொண்டவர்கள் எப்படி ஒரே நோயால் ஒரே சமயத்தில் மடிகிறார்கள் என்று மாணவர் கேட்கிறார். காற்று, நீர், நிலம், பருவம் ஆகிய நான்கும் அனைவருக்கும் பொதுவாக இருப்பதால், அவை கெடும்போது அனைவரும் கெடுகிறார்கள் என்பது ஆசிரியரின் விடை. அவை ஏன் கெடுகின்றன என்ற அடுத்த கேள்விக்கு, நாட்டுக்கும் நகருக்கும் தலைமை தாங்குவோர் அறம் தவறுவதால் என்று விடை வருகிறது. நுண்ணுயிரியலில் இந்த விடைக்கு இடமில்லை, ஆட்சியியலில் உண்டு. அதே நூலின் சூத்திரஸ்தானம், ஆப்தரின் சொல், காட்சி, கருதல் ஆகிய மூன்றோடு, பல காரணங்கள் கூடி ஒரு விளைவு உண்டாவதை ஆராயும் யுக்தியையும் நான்காவது அளவையாகச் சேர்க்கிறது. சொன்னவர் முனிவர் என்பதற்காக ஆராய்ச்சியை நிறுத்திவிடச் சொல்லும் மரபு யுக்திக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்காது.

இந்த மரபை இன்றைய சோதனைக்கூடத்தோடு இணைத்துக் காட்டியவர் திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து பணியாற்றினார். 2024 ஜூலையில் மறைந்த எம்.எஸ். வலியத்தான், ஸ்ரீசித்திரைக் கழகத்தைத் தொடக்கத்திலிருந்து வழிநடத்திய இதய அறுவை மருத்துவர். இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட செயற்கை இதய வால்வை அவரது குழு பல ஆண்டுகள் உருவாக்கியது. முதல் வடிவங்கள் சோதனையில் தோற்றன, பொருள்கள் மாற்றப்பட்டன, 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதே மனிதர் பின்னர் சரகர், சுஸ்ருதர், வாக்படர் ஆகிய மூவரையும் பற்றி ஆங்கிலத்தில் மூன்று பெருநூல்கள் எழுதினார். ஆயுர்வேதக் கூற்றுகளை உயிரியல் ஆய்வகங்களில் சோதிக்கும் முயற்சி ஒன்றையும் முன்னின்று தொடங்கினார். சரகரை மதிப்பது என்றால் சரகர் சொன்னதைச் சோதிப்பது என்று அவர் கொண்டார். இதய வால்வுக்குக் காட்டிய பொறுமையில் ஒரு பங்கையாவது மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் காட்டியிருந்தால் அரசுகளுக்கு இத்தனை எதிர்ப்பு வந்திராது.

தமிழ்நாட்டு வாசகர் இதைக் கேரளத்தின் குறையாக மட்டும் படித்துவிட வேண்டியதில்லை. 2020இல் தெருத்தெருவாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரும், அதற்கு முன் டெங்குக் காலத்தில் வழங்கப்பட்ட நிலவேம்புக் குடிநீரும் இதே கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவை. சித்த மருத்துவத்தின் மீது அன்புள்ளவர் அக்கேள்விகளைக் கேட்க முதல் உரிமை உடையவர். தம் மருந்து உண்மையில் பயன்தருகிறது என்றால் சோதனை அதை நிறுவித் தரும்.

தீங்கில்லாத மாத்திரைதானே, மக்களுக்கு ஆறுதல் தருமென்றால் கொடுத்தால் என்ன என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. தீங்கு மாத்திரையில் இல்லை என்பது உண்மை. அதை நீட்டும் கையே நாளை தடுப்பூசியையும் நீட்டுகிறது. இரண்டுக்கும் ஒரே முத்திரை இருக்கும்போது, ஒன்றின் பொய்மை தெரிந்தவர் மற்றதன் உண்மையையும் ஐயுறுகிறார். ஆகவே அரசிடம் வைக்கவேண்டிய கோரிக்கை சிறியது, செலவில்லாதது. பொதுமக்களுக்கு, குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அரசு வழங்கும் ஒவ்வொரு மருந்தின் உறையிலும், அது முறையான சோதனையில் பயன் நிறுவப்பட்டதா, சோதனையில் இருக்கிறதா, மரபு வழக்கால் மட்டும் தரப்படுகிறதா என்பதை அவர்கள் படிக்கும் மொழியில் ஒரே வரியில் அச்சிட வேண்டும். மூன்றாவது வகையைச் சேர்ந்த மருந்தை வேண்டுமென்று கேட்டு வாங்குபவருக்கு மறுக்க வேண்டியதில்லை. அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் முன் பெற்றோர் அந்த வரியைப் படித்திருக்க வேண்டும்.